வேகமும் நீதியும்

வேகத்தின் மீது மனிதன் கொண்டுள்ள மோகம் மிகப் பழையது. வாயுவேகம், மனோவேகம் என்னும் சொற்களை நமது பழங்கதைகள் வியப்போடு வழங்கின. விண்ணில் விரைந்து செல்லுதல் தேவர்க்குரிய சிறப்பாகவும், வெயிலிலே நடந்து செல்லுதல் மானிடர்க்குரிய விதியாகவும் அக்கதைகளிற் காணப்பட்டன. அந்த விதியை மாற்றியது விஞ்ஞானம். ஆகவே வேகத்தை விரும்புவதில் இழிவு எதுவுமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஒருவன் விரைந்து செல்வதற்கான விலையை, அவனோடு பிரயாணஞ் செய்யாத இன்னொருவன் செலுத்த நேருமாயின், அவ்வேகத்தை முன்னேற்றம் என்று அழைப்பது தகுமா?

இக்கேள்வி இன்று மீண்டும் உயிர்பெற்றுள்ளது. ஒலியை விஞ்சும் வேகத்திற் பிரயாணிகளை ஏற்றிச்சென்ற கொங்கோட் விமானம் 2003ஆம் ஆண்டிலே ஓய்வு பெற்றது. அத்துடன் அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2025 ஜனவரி 28ஆந் திகதி, அமெரிக்காவின் பூம் சுப்பர்சோனிக் என்னும் தனியார் நிறுவனம் அமைத்த எக்ஸ்.பி.-1 என்னுஞ் சிறு பரிசோதனை விமானம் ஒலியின் வேகத்தைக் கடந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், தரைக்கு மேலே குடிசார் விமானங்கள் ஒலியை விஞ்சிப் பறப்பதற்கு 1973 முதல் அந்நாட்டில் இருந்துவந்த தடையை நீக்குமாறு ஜனாதிபதி டிரம்ப் ஆணை பிறப்பித்தார். ஒக்டோபர் மாதத்தில், நாசா நிறுவனத்துக்காக அமைக்கப்பட்ட எக்ஸ்-59 விமானம் முதன்முறையாகப் பறந்தது. பூம் நிறுவனம் திட்டமிட்டுள்ள ஒவேச்சர் என்னும் விமானம், அறுபது முதல் எண்பது பிரயாணிகளை ஒலியினும் 1.7 மடங்கு வேகத்திற் கொண்டுசெல்லும் என்று கூறப்படுகின்றது. எனவே, இப்பிரச்சினையை வெறும் பொறியியற் செய்தியாகக் கொள்ளாமல் அறப்பிரச்சினையாகவும் கொண்டு ஆராய்வது நமது கடமையாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். யந்திரத்தைப் பகைப்பது முற்போக்காளர் வேலையன்று. கைராட்டையை நோக்கித் திரும்புமாறு உழைப்பாளரிடம் உபதேசிப்பவர்கள், தாம் அந்த ராட்டையைச் சுற்றுவதில்லை. விஞ்ஞானம் மனித குலத்தின் கூட்டுச் செல்வம். அதன் ஒவ்வொரு வெற்றியிலும், பெயரறியாத எண்ணற்ற உழைப்பாளரின் பங்கு உண்டு. அக்காரணத்தினாலேயே அச்செல்வம் யாருக்காக, எதற்காகச் செலவிடப்படுகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கொங்கோட்டின் வரலாறு இவ்விடயத்தில் நமக்கு நல்லதொரு பாடநூலாகும். 1962 நவம்பர் 29இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக அது பிறந்தது. ஆரம்பத்தில் பதினைந்து முதல் பதினேழு கோடிப் பவுண் வரையில் செலவாகும் என மதிப்பிட்டனர். சேவை தொடங்கிய காலத்தில் அத்தொகை நூறு கோடியையும் தாண்டியிருந்தது. அப்பணம் இரு நாட்டு மக்களும் செலுத்திய வரிப்பணமே. 1964இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் இத்திட்டத்தைக் கைவிட விரும்பிய போதிலும், ஒப்பந்தத்திலிருந்து விலகுவதற்கு அதில் வழி வைக்கப்படாமையால் அது கைகூடவில்லை. ஈற்றில் இருபது விமானங்கள் மாத்திரமே கட்டப்பட்டன. அவற்றுள்ளும் பதினான்கே பிரயாணிகள் சேவையில் ஈடுபட்டன.

முதலாளித்துவ நாடுகளின் வீண்பெருமை இது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சோவியத் யூனியனும் இதே போட்டியில் இறங்கியது. அதன் ரி.யு.-144 விமானம், கொங்கோட்டை முந்திக்கொண்டு 1968 டிசெம்பர் 31இல் விண்ணேறியது. 1973இல் பாரிஸ் விமானக் காட்சியில் அத்தகைய விமானமொன்று வீழ்ந்து, அதிலிருந்த ஆறு பேரும் தரையிலிருந்த எட்டுப் பேரும் மாண்டனர். 1977 நவம்பரில் மொஸ்கோவுக்கும் அல்மா-அத்தாவுக்குமிடையே பிரயாணிகள் சேவை தொடங்கிற்று. ஐம்பத்தைந்து பிரயாணங்களோடு, ஏழு மாதங்களில் அது முடிவுற்றது. உழைக்கும் மக்களின் பெயரால் நடந்த அரசுங்கூட, மக்களுக்கு எது தேவை என்று கேட்பதற்குப் பதிலாக, எதிரிக்கு எது பெருமை தருகின்றது என்று பார்த்துத் திட்டமிட்டது. இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறினாற் போதாது. எதை உற்பத்தி செய்வது என்று தீர்மானிக்கும் முறையும் மாறவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினையாகும்.

இனி, விலை செலுத்துவோர் யார் என்பதைப் பார்ப்போம். ஒரு விமானம் ஒலியினும் விரைந்து பறக்கும்போது அதன் முன்னாலுள்ள காற்று விலகி வழிவிட நேரம் பெறுவதில்லை. நெருக்குண்ட காற்று அதிர்ச்சி அலையாகத் திரண்டு, கூம்பு வடிவில் விமானத்தின் பின்னே இழுபட்டு வருகின்றது. அக்கூம்பு தரையைத் தொடும் இடத்தில் வெடி வெடித்தாற் போன்ற அதிர்முழக்கம் எழுகின்றது. ஒலியின் வேகத்தைக் கடக்கும் கணத்தில் மாத்திரம் இம்முழக்கம் உண்டாவதாகப் பலர் நினைக்கின்றனர். அது தவறு. அவ்வேகத்திற் பறக்கும் வரைக்கும், செல்லும் வழி நெடுகிலும், முழக்கம் விமானத்தைப் பின்தொடர்ந்தே வரும். பதினெட்டுக் கிலோமீற்றர் உயரத்தில் நூறு பேர் அமைதியாக உணவருந்திச் செல்கையில், அவர்களுக்குக் கீழே ஐம்பது மைலுக்குக் குறையாத அகலமுடைய நிலப்பரப்பிலுள்ள ஒவ்வொரு வீடும் அதிரும். விமானத்தினுள்ளே இருப்பவர்களுக்கோ அந்த ஓசை கேட்பதேயில்லை. ஏற்றத்தாழ்வுள்ள சமுதாயமொன்றிற்கு இதனைக் காட்டிலும் பொருத்தமான உவமையைக் கவிஞனுங் கற்பித்திருக்க முடியாது.

இம்முழக்கத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்களா என்று அறிவதற்காக, 1964 பெப்ரவரி முதல் ஆறு மாத காலம் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் ஒரு பரிசோதனை நடைபெற்றது. இராணுவ விமானங்கள் அந்நகருக்கு மேலே பறந்து, நாளொன்றுக்கு எட்டு முறையளவில், மொத்தம் 1,253 முழக்கங்களை எழுப்பின. யன்னற் கண்ணாடிகள் உடைந்தன. பல்லாயிரம் முறைப்பாடுகள் குவிந்தன. இறுதியிலே நகர மக்களை விசாரித்தபோது, ஏறக்குறைய நாலில் ஒருவர் இவ்வோசையோடு தம்மால் ஒருபோதும் வாழ முடியாது எனக் கூறினர். எஞ்சியோர் பொறுத்துக்கொள்ளலாம் என்றனர்.

இந்தக் கணக்கைக் கொண்டு, பெரும்பான்மையோர் இசைந்துவிட்டனர் என்று வாதிட முடியுமா? பொறுத்துக்கொள்ளுதல் வேறு, சம்மதித்தல் வேறு. மறுப்பதற்கு உரிமையுள்ளவன் கொடுப்பதே சம்மதம். மறுத்தாலும் நடக்கப்போகின்ற ஒன்றைச் சகித்துக்கொள்வது வெறும் பழக்கம். மனிதன் பசிக்கும் பழகுகிறான், அவமதிப்புக்கும் பழகுகிறான். அடிமை முறைக்கும் சாதிக் கொடுமைக்கும் பரம்பரை பரம்பரையாக மக்கள் பழகியே வாழ்ந்தனர். அப்பழக்கத்தை அவர்தம் சம்மதம் என்று வாதித்தவர்கள் யார் என்பதை நாமறிவோம். மேலும், பழக முடியாதென்று கூறிய அந்த நாலில் ஒருவரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளி, நோயாளி, கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் தாய் ஆகியோரின் அமைதி, வானத்திலே செல்பவனின் மூன்று மணித்தியாலத்துக்கு ஈடாக வைக்கத்தக்க பண்டமா? அப்படியே ஈடாயினும், அதற்கு விலை பேசும் உரிமை அவர்களுடையதன்றோ?

மக்கள் வாளாவிருக்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சுவீடனிலும், விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் முன்னின்று இவ்விமானங்களை எதிர்த்து இயக்கம் நடத்தினர். அரசாங்கப் பணத்தில் போயிங் நிறுவனம் அமைக்கவிருந்த ஒலியை விஞ்சும் விமானத்திற்கு 1971 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நிதி மறுத்தது. 1977 டிசெம்பரில் இலண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூருக்குத் தொடங்கிய கொங்கோட் சேவையை, மலேசியா தனது வான்வெளியில் அனுமதிக்க மறுத்ததால், சில நாட்களுக்குள்ளேயே நிறுத்த நேர்ந்தது. அம்மறுப்பில் விமான உரிமைகள் பற்றிய பேரமும் கலந்திருந்தது எனக் கூறுவாருமுளர். இருக்கலாம். ஆயினும், ஆசிய நாடொன்று தன் வானத்தைத் தன்னுடையதென்று சொன்னது கவனிக்கத்தக்கது. முடிவில், ஒலியை விஞ்சும் வேகத்தைக் கொங்கோட் பெரும்பாலும் கடலுக்கு மேலேயே காட்ட வேண்டியதாயிற்று.

இவ்வளவும் பழங்கதை, புதிய விமானங்களில் இக்குறை நீங்கிவிடும் என்று அவற்றை ஆதரிப்போர் சொல்வர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஒலியினும் சற்றே மிகுந்த வேகத்தில், தக்க உயரத்திற் பறப்பின், கீழேயுள்ள வெப்பமான காற்றினால் முழக்கம் மேல்நோக்கி வளைந்து தரையை எட்டாது போய்விடும். எக்ஸ்.பி.-1 அவ்வாறே பறந்தது என அந்நிறுவனம் கூறுகின்றது. எக்ஸ்-59 விமானமோ தன் நீண்ட மூக்கினால் அதிர்ச்சி அலைகளைச் சிதறச் செய்து, வெடியோசையை மெல்லிய தட்டலாகக் குறைக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. இம்முயற்சிகள் வெற்றிபெறட்டும். எதிர்ப்பவரின் குறையைக் கேட்டு விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்வது வரவேற்கத்தக்கதே. அன்று மக்கள் முறையிட்டிராவிடின், இன்று ஓசை குறைந்த விமானத்தை அமைக்க எவரும் முனைந்திருக்க மாட்டார் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் ஓசை நீங்கினும் எரிபொருட் பிரச்சினை நீங்குவதில்லை. ஒலியை விஞ்சும்போது காற்றின் எதிர்ப்பு மிகவும் பெருகுகின்றது. அதனை வெல்லப் பெருந்தொகையான எரிபொருளைக் கொளுத்தியே ஆகவேண்டும். நூறு பேரை ஏற்றிய கொங்கோட்டின் தாங்கிகள் ஏறக்குறைய 95 தொன் எரிபொருளைக் கொண்டன. அதாவது, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கப் புறப்பட்ட ஒவ்வொரு பிரயாணிக்கும் ஏறக்குறைய ஒரு தொன் எரிபொருள் ஏற்றப்பட்டது. புதிய விமானங்களைப் பற்றி 2018இல் வெளியான சுயாதீன ஆய்வொன்று, அவை சாதாரண விமானங்களை விடப் பிரயாணி ஒருவருக்கு ஐந்து முதல் ஏழு மடங்கு எரிபொருளை உட்கொள்ளக்கூடும் என மதிப்பிட்டது. அப்புகை செல்லும் இடமோ ஓசோன் படை அமைந்துள்ள உயர்வெளி. நைதரசன் ஒட்சைட்டுகள் ஓசோனைச் சிதைக்கும் என்பதை 1970ஆம் ஆண்டளவில் போல் குறுற்சன், ஹரல்ட் ஜோன்ஸ்ரன் ஆகிய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியபோது, இவ்விமானங்களைப் பற்றிய விவாதமே புதியதொரு திருப்பத்தை அடைந்தது.

தாவரங்களிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் பெறும் தூய எரிபொருளைப் பயன்படுத்துவோம் என்று இதற்கு மறுமொழி கூறுகின்றனர். நல்லது. ஆனால் 2024ஆம் ஆண்டில் உலக விமானங்கள் எரித்த எரிபொருளில் அத்தகையது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அரிதான ஒரு பொருளை, அதனை மிகுதியாக விழுங்கும் யந்திரத்துக்கு ஊட்டுவது எவ்வகைச் சிக்கனம்? பஞ்ச காலத்திலே கிடைத்த அரிசியை விருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அது சுத்தமான அரிசி என்று பெருமை பேசுவதற்கு ஒப்பாகும் இது.

2018ஆம் ஆண்டில் உலக மக்களில் நூற்றுக்குப் பதினொருவரே விமானத்தில் ஏறினர் என்றும், வர்த்தக விமானங்கள் வெளியிடும் கரிவாயுவிற் பாதிக்கு மக்கட்டொகையில் நூற்றிலொரு பங்கினரே காரணர் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். பருவம் தவறிப் பெய்யும் மழையும், உயரும் கடலும், விமானச் சீட்டைப் பார்த்து மனிதரைப் பிரித்தறிவதில்லை. வானத்தை ஒருபோதும் அண்ணாந்து பார்த்ததன்றி ஏறிப் பார்த்திராத உழவனின் வயலையும் அவை விட்டுவைப்பதில்லை. ஒக்லஹோமாவிலே ஒரு நகரத்தின் மீது விழுந்த முழக்கம், இங்கே ஓசையின்றி உலகு முழுவதும் விழுகின்றது. இம்மக்களிடம் சம்மதம் கேட்டவர் எவருமிலர்.

இனி, வலிமை மிக்க ஓர் எதிர்வாதத்தைக் கவனிப்போம். எப்புதுமையும் முதலிற் செல்வர்க்கே எட்டும், பின்னரே பொதுமக்களுக்கு எட்டும், புகைவண்டியும் தொலைபேசியும் அவ்வாறே பரவின என்பது அவ்வாதம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பின் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. 1969 பெப்ரவரி 9இல் போயிங் 747 என்னும் பெருவிமானம் முதன்முறையாகப் பறந்தது. மூன்று வாரங்களின் பின்னர், மார்ச் 2இல் கொங்கோட் பறந்தது. முன்னையது வேகத்திற் புதுமை எதனையும் செய்யவில்லை. மூன்று நூற்றுக்கு மேற்பட்டோரை ஒருங்கே ஏற்றிச்சென்று, ஒருவருக்குரிய செலவைக் குறைத்தது. மாணவரும் தொழிலாளரும், பிழைப்புத் தேடிப் புறப்பட்டவரும் கடல் கடக்க வழிசெய்தவை அத்தகைய பெருவிமானங்களே. நமது நாட்டிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களும் மெதுவாகப் பறக்கும் விமானங்களிலேயே சென்றனர். 747 விமானங்கள் 1,500க்கு மேல் கட்டப்பட்டன. கொங்கோட்டோ இருபத்தேழு ஆண்டுகள் பறந்தும், ஒருநாளேனும் சாதாரண மனிதனின் வாகனமாகவில்லை. அதற்குக் காரணம் வியாபாரத் திறமைக் குறைவன்று. காற்றின் எதிர்ப்பு கூலிக்கு ஆள் பிடித்துக் குறைக்கக்கூடியதன்று. பரவக்கூடிய புதுமையும் உண்டு, பரவ இயலாத புதுமையும் உண்டு. எல்லோரும் பயன்படுத்தினால் உலகமே தாங்காது என்னும் நிலையிலுள்ள ஒன்றை, எல்லோருக்கும் வரப்போகும் நன்மையின் முன்னோடி என்று சொல்வது ஏமாற்றாகும்.

அடுத்து, காலம் என்பதையே சிறிது சிந்திப்போம். காலத்தை மிச்சப்படுத்துவது நல்லதே. ஆனால் எவர் காலம்? இங்கிலாந்துத் தொழிலாளர் பத்து மணித்தியால வேலைநாளுக்காகப் பல்லாண்டுகள் போராடி 1847இல் சட்டம் பெற்றனர். அதுவும் காலத்தை மிச்சப்படுத்தும் போராட்டமே. மார்க்ஸ் தமது மூலதனத்தில் வேலைநாளைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். காலம் யாவர்க்கும் பொதுவாக இருப்பது போலத் தோன்றினும், அது வர்க்கங்களுக்கிடையே பங்கிடப்படும் பொருள் என்பதை அவர் கண்டார். ஆசுபத்திரி வாயிலிலே காத்திருக்கும் கிழவியின் காலம், வராத பஸ்ஸை எதிர்பார்த்துத் தெருவில் நிற்கும் மாணவனின் காலம், தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் பெண்ணின் காலம் ஆகியவை எந்த முதலீட்டாளனின் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. இவர்களுடைய மணித்தியாலங்களை மீட்பதற்கு ஒலியை விஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு வைத்தியர், இன்னொரு பஸ், ஒரு குழாய் போதும்.

1985 ஜூலை 13ஆந் திகதி எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் இசை விழாக்கள் நடந்தன. பில் கொலின்ஸ் என்னும் பாடகர் இலண்டனிற் பாடிவிட்டுக் கொங்கோட்டில் ஏறிச்சென்று, அதே நாளில் பிலடெல்பியாவிலும் பாடினார். உலகம் அதனை அதிசயித்தது. அப்பாடகரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் பசித்தவனுக்கு உணவு சென்றடையும் வேகத்தை விட, அவனுக்காகப் பாடுபவன் செல்லும் வேகமே மிகுதியாக இருந்த உலகம் எத்தகையது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஈற்றில், தொழிலாளரின் பிழைப்புப் பற்றிய கேள்வி உண்டு. இதுவே இடதுசாரிகளை உண்மையில் இடர்ப்படுத்திய கேள்வி. கொங்கோட் கட்டப்பட்ட பிரிஸ்டல் நகரின் பாராளுமன்றப் பிரதிநிதியும் தொழில்நுட்ப அமைச்சருமாயிருந்த இடதுசாரித் தலைவர் ரொனி பென், அத்திட்டத்தை இறுதிவரை ஆதரித்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வேலையும் திறமையும் அதிலே தங்கியிருந்தன. அவர்களைத் தெருவில் விட்டுவிட்டு அறம் பேசுவது எளிதன்று. ஆனால் இதற்கு விடையைத் தத்துவவாதிகள் கூறவில்லை, தொழிலாளரே கூறினர். 1976 ஜனவரியில் கொங்கோட் தன் முதற் சேவையைத் தொடங்கிற்று. அதே மாதத்தில், விமானப் பாகங்களைச் செய்யும் லூக்காஸ் எயரோஸ்பேஸ் நிறுவனத்தில் வேலைநீக்கத்தை எதிர்நோக்கிய தொழிலாளர் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டனர். மைக் கூலி போன்ற வரைஞரும் கம்மியரும் கூடி ஆராய்ந்து, அதே கைகளாலும் அதே யந்திரங்களாலும் செய்யத்தக்க ஏறக்குறைய 150 பொருள்களை அதில் எடுத்துக்கூறினர். சிறுநீரக நோயாளருக்கான கருவி, காற்றாலை, தெருவிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய வண்டி ஆகியன அவற்றுட் சில. நிர்வாகம் அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆயினும், திறமையைக் காப்பாற்ற ஆடம்பரத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது அன்று நிரூபணமாயிற்று.

ஆதலின் நமது நிலை இதுவே. வேகம் பாவமன்று. ஒலியை விஞ்சும் ஆராய்ச்சியும் குற்றமன்று. அந்த ஆராய்ச்சியினூடாகவே ஓசோனைப் பற்றியும் மனித குலம் பலவற்றைக் கற்றது. ஆனால் எந்தப் புதுமையையும் நாம் ஏற்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். இதனால் மிச்சமாவது எவர் காலம்? இதற்காகச் செலவாவது எவர் காற்று? செலவு செய்வோரிடம் சம்மதம் கேட்கப்பட்டதா? ஒலியை விஞ்சும் பிரயாணி விமானம் முதல் வினாவுக்குச் சிலருடையது என்றும், இரண்டாவதற்கு எல்லோருடையது என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றுமே இன்றுவரை விடையளிக்கின்றது. இவ்விடைகள் மாறும் நாளில் நமது தீர்ப்பும் மாறும்.

நமது வகுப்பறைகளில் விஞ்ஞானம் ஓர் அறையிலும் அறநூல் மற்றோர் அறையிலும் கற்பிக்கப்படுகின்றன. மாக் எண்ணைக் கணக்கிடக் கற்ற மாணவன் ஒப்புரவு என்னும் சொல்லைப் பரீட்சைக்காக மாத்திரம் மனனஞ் செய்கின்றான். இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சிந்திக்கக்கூடிய தலைமுறையை உருவாக்குவதே ஆசிரியராகிய நம்முன் உள்ள பணி. எவ்வளவு விரைவாகப் போகலாம் என்று கேட்கும் மாணவனைத் தடுக்க வேண்டியதில்லை. யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்றும் அவன் கேட்கக் கற்றுக்கொள்வானாயின், அதுவே நாம் அவனுக்கு அளித்த கல்வியின் பயன்.